குளம் ஸ்டாப்

ஜூன் 2

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூவரும் நலம். நீயும் மாமாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சாப்பிட்டாயா என்று கேட்டு முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. போன தடவை பாதியில் வைத்தது நீ, ஞாபகம் இருக்கட்டும். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஹாலுக்கும் நடைக்கும் லேமினேட் தரை போடப் போகிறேன். பார்த்தால் மரப்பலகை மாதிரி இருக்கும், ஆனால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஒரு பலகையின் விளிம்பை அடுத்ததில் செருகித் தட்டினால் பூட்டு விழுந்த மாதிரி பிடித்துக்கொள்ளும். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். வீடியோ பார்த்து நானே போடுவதாக இருக்கிறேன். சிரிக்காதே.

என் டீச்சர் பெண்டாட்டிக்குக் குதிகால் வலி. பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து இந்தச் சில்லிட்ட சிமெண்டிலும் நிற்க வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியம் அப்பா. போன மாதம் ஹாலில் தடுக்கி விழப் பார்த்தார். டீச்சர் துணி மடிக்க ஸ்டூலை இழுத்துப் போட்டிருந்தாள், அதன் பக்கத்தில்தான். அலமாரியைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார், முழங்கை சிராய்த்துவிட்டது. "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன். "தரை சரியில்லடா" என்றார். அவரே சொன்ன பிறகு நான் சும்மா இருக்க முடியுமா?

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தான் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

தம்பி

*

ஜூன் 14

டேய் குண்டு,

குறுக்கே பேச முடியாதா? உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள்.

அந்தத் தரையை யார் போட்டது என்று உனக்குத் தெரியாது. தெரிய நியாயமில்லை, நீ அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாய். அப்பா டிப்போவில் லீவு போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே கலவை போட்டுப் பூசினார். பஸ் ஓட்டுகிற கை, சும்மா சொல்லக் கூடாது, ஓரம் போகாமல் நேராகப் பூசியது. அம்மா மணல் சலித்தாள். நான் தண்ணீர் சுமந்தேன். எல்லாம் முடிந்து அப்பா இடுப்பை நிமிர்த்துகிற நேரத்தில் நீ தத்தித் தத்தி வந்தாய். ஹால் முடிந்து நடை ஆரம்பிக்கிற இடத்தில், ஈர சிமெண்டில், பொத்தென்று உட்கார்ந்தாய். ஜட்டிகூடக் கிடையாது.

அம்மா போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. அப்பா கரணையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அம்மா பூசி மூடச் சொன்னதற்கு, "இருக்கட்டும்டி, சின்னவன் வெச்ச முத்திரை" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் உனக்குக் குண்டு என்று பெயர் விழுந்தது.

அம்மா வீடு கழுவினால் கடைசித் தண்ணீர் அங்கேதான் தேங்கும். "அந்தக் குளத்தைத் துடைச்சே என் ஆயுசு போகுது" என்பாள். சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்ததும் நாம் அவர் சட்டை வாலைப் பிடித்துக்கொள்வோமே, ஞாபகம் இருக்கிறதா? நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்த மனிதர், வீட்டிலும் நமக்கு பஸ் ஓட்டுவார். வாசல், ஜன்னல், குளம், அடுப்படி. "குளம் ஸ்டாப்! இறங்கறவங்க இறங்கலாம். இடது பக்கம் பாத்ரூம், நேரா போனா சாப்பாடு!" நீ எந்த ஸ்டாப்பிலும் இறங்க மாட்டாய். டிக்கெட்டும் எடுக்க மாட்டாய்.

எதை வேண்டுமானாலும் மூடிக்கொள். குளத்தை மட்டும் விட்டுவிடேன். அந்த ஒரு இடத்தைச் சுற்றிப் பலகையை வெட்டிப் போட முடியாதா?

சரி, நான் யார் இதைச் சொல்ல? அது உன் வீடு. அம்மா போனதிலிருந்து அப்பாவை என்னிடம் அனுப்பு, கொஞ்ச நாளாவது நான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ மசியவில்லை. அப்பாவையே தராதவன் ஒரு பள்ளத்தையா தரப் போகிறாய்?

அக்கா

*

ஜூலை 6

அக்கா,

உன் கடிதம் கைக்கு வந்தபோது குளத்தில் கலவை ஊற்றி ஒரு நாள் ஆகிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. கீழே மேடு பள்ளம் இருந்தால் பலகையின் பூட்டு விட்டுப்போகுமாம், முதலில் தரையைச் சமன் செய்தே ஆக வேண்டும். தோசை மாவு பதத்தில் ஒரு கலவை இருக்கிறது, ஊற்றினால் தானே மட்டமாகிக்கொள்கிறது. ஊற்றுவதற்கு முன்னால், யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு தடவை அதில் உட்கார்ந்து பார்த்தேன். பாதிகூடக் கொள்ளவில்லை. எழுந்திருக்கும்போது டீச்சர் பார்த்துவிட்டாள். என்ன பண்றீங்க என்று கேட்டாள். அளவு எடுக்கிறேன் என்றேன்.

எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்று நினைக்காதே. உட்கார்ந்தவன் நான்தானே.

வேலை நன்றாக வந்திருக்கிறது. நுரைத்தாள் விரித்து, அதன் மேல் பலகைகளை வரிசை மாற்றி மாற்றிப் பூட்டி, கட்டை வைத்துத் தட்டித் தட்டி முடித்தேன். முழங்கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்கிற மாதிரி இருக்கிறது. சுவரோரம் விரலளவு இடைவெளி விடச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது பார்க்க அசிங்கமாக இருந்தது. மருந்துக்கடையில் நாளெல்லாம் பாட்டில்களை இடைவெளி தெரியாமல் அடுக்குகிறவன் கண்ணுக்கு அது ஒத்துவருமா? சுவரோடு சுவராக இறுக்கி அடித்துவிட்டேன். நடுவில் ஒரு தாள்கூட நுழையாது.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். நின்றார். உள்ளங்காலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துப் பார்த்தார். "வழுவழுன்னு இருக்குடா" என்றார். "கலர் எப்படிப்பா?" என்றேன். "கலருக்கு என்னடா, நல்ல கலர்." அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். முழங்கால் தேய உழைத்தவனுக்கு இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தம்பி

*

ஜூலை 25

அக்கா,

நீ பதில் போடவில்லை. கோபமாகத்தான் இருப்பாய். இருந்துகொள். நான் எழுத வந்தது வேறு.

தரை போட்டதிலிருந்து அப்பா அறையை விட்டு வருவதில்லை. சாப்பாடு அறைக்குள்ளேயே. பாத்ரூம் போகிறதென்றால் சுவரோரமாகவே, ஏதோ ஆற்றைக் கடக்கிற மாதிரி போகிறார். ஹாலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோ கேட்பாரே, அதுவும் இல்லை. "தரை பிடிக்கலையாப்பா?" என்றால், "பிடிக்காம என்னடா" என்கிறார். டீச்சர் அவருக்குப் பிடித்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டாள். "ஒருவேளை நாம அவர் தரையைப் பேர்த்த மாதிரி நினைக்கிறாரோ?" என்று கண் கலங்கினாள். நாங்கள் எதையும் பேர்க்கவில்லை, மூடித்தான் இருக்கிறோம். அதை யாரிடம் சொல்ல?

உன் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். "நீயே படிடா, உன் குரல்ல கேக்கறேன்" என்றார். குளம் ஸ்டாப் வந்த இடத்தில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அலுத்துவிட்டது, அக்கா. அவருக்காகச் செய்தேன், அவரே என்னிடம் முகம் கொடுக்கவில்லை. நான் போட்ட தரையில் கால் வைக்கப் பிடிக்காத மனிதரைப் பிடித்து வைத்து என்ன செய்யப் போகிறேன்? நீ கேட்டபடியே அழைத்துக்கொண்டு போ. நீ ஜெயித்துவிட்டாய் என்று வைத்துக்கொள். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி அனுப்புகிறேன். அவருக்கு அங்கே பிடித்துப்போனால் அங்கேயே இருக்கட்டும்.

தம்பி

*

ஆகஸ்ட் 5

குண்டு, என் கண்ணே,

உன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மாமா தன் பழைய சைக்கிள், பெட்டி படுக்கை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அப்பாவுக்கு அறையைக் காலி செய்துவிட்டார். நான் திரைச்சீலை தைத்தேன். நம் வீட்டு ஜன்னலில் முன்பு அம்மா போட்டிருந்தாளே, வெளிர் பச்சைக் கட்டம், அதே மாதிரி துணி தேடி அலைந்து வாங்கினேன்.

ஆறாவது மாடிதான், ஆனால் லிஃப்ட் இருக்கிறது. எல்லாத் தளமும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே மாதிரி, வந்த புதிதில் நானே அடுத்த வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறேன். அப்பா இரண்டு நாளில் பழகிவிடுவார். ஊரில் உள்ள எல்லா ரூட்டும் மனப்பாடமாக ஓட்டினவர் இல்லையா?

சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது கதவைத் திறக்க அப்பா இருப்பார் என்று நினைத்தாலே இப்போதே வீட்டுக்கு ஓடத் தோன்றுகிறது. சின்ன வயதில் நாம் அவருக்குத் திறந்துவிடுவோம், யார் முதலில் ஓடுவது என்று அடித்துக்கொண்டு. எப்போது கூட்டிக்கொண்டு வருகிறாய்? சீக்கிரம் எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 19

அக்கா,

இதைப் படித்துவிட்டு நீ சிரிக்கப் போகிறாய். பரவாயில்லை, யாராவது சிரிக்கட்டும்.

பத்து நாளாக இங்கே அடைமழை. ஈரக் காற்றில் பலகை ஊதிக்கொண்டது. ஊதினால் விரிய இடம் வேண்டும், அதற்குத்தான் சுவரோரம் விரலளவு விடச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் தாள் நுழையாமல் அடித்தேனே. போக இடம் இல்லாமல் பலகை மேலே எழும்பிவிட்டது. எங்கே என்று கேள். ஹால் முடிந்து நடை ஆரம்பிக்கிற இடத்தில். குளம் இருந்த அதே இடத்தில் இப்போது ஒரு மேடு! பள்ளத்தை மூடினாய் அல்லவா, இந்தா வாங்கிக்கொள் என்று வீடே சொல்கிற மாதிரி இருக்கிறது. "வகுப்பில குறிப்பைப் படிக்காம பதில் எழுதற பையன் மாதிரி" என்கிறாள் டீச்சர்.

அதைவிட வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? என் தரை கெட்டுப்போனதும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேடு எழும்பிய ரெண்டாம் நாள் அறையை விட்டு வெளியே வந்தார். சுவரை விட்டுவிட்டு நடு ஹாலில் நடக்கிறார். நேராக அந்த மேட்டுக்குப் போகிறார், அதன் மேல் நின்று காலால் ஒரு அமுக்கு அமுக்குகிறார், இடது பக்கம் திரும்பி பாத்ரூம் போகிறார். திரும்பி வரும்போதும் அதே அமுக்கு. நேற்று ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோ கேட்டார். பாட்டுக்கு விரலால் தாளம் வேறு! பெற்ற பிள்ளை தோற்றதில் இவ்வளவு சந்தோஷமா ஒரு மனிதருக்கு?

"சீக்கிரம் சரி பண்ணிடறேன்பா" என்றேன். "எதுக்குடா, இருக்கட்டும்" என்றார். கேலிதானே இது? நானும் விடுவதாக இல்லை. மழை விட்டதும் எல்லாவற்றையும் கழற்றி, ஓரத்தை வெட்டி, மேட்டை எடுத்துவிட்டு, அடுத்த மாதம் அவரை உன்னிடம் கொண்டுவந்து விடுகிறேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 28

குண்டு,

இதைத் தனியாக இருக்கும்போது படி. போன் பண்ணியிருப்பேன், நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், அப்பா காதில் விழுந்துவிடும்.

அப்பா உன்னைக் கேலி செய்யவில்லை. அப்பாவுக்குக் கண் தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். காலால் அமுக்கிவிட்டு இடது பக்கம் திரும்புகிறார் என்று எழுதியிருந்தாய் பார், அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. குளம் ஸ்டாப், இடது பக்கம் பாத்ரூம், நேராகப் போனால் சாப்பாடு. கரண்ட் போனால் நாம் இரண்டு பேரும் அலறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அப்பா மட்டும் இருட்டில் எதிலும் இடிக்காமல் போய் மெழுகுவர்த்தி எடுத்து வருவார். "உங்கப்பாவுக்குக் கால்லயும் கண்ணு" என்பாள் அம்மா. அந்தக் கண்ணை வைத்துத்தான் இத்தனை நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்திருக்கிறார். நீ அதன் மேல் பலகையைப் போட்டுவிட்டாய். தெரியாமல்தான் செய்தாய், உன்னைத் திட்டவில்லை.

உன் கடிதங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் படித்தேன். ஸ்டூலில் இடித்துக்கொண்டவர் தரை சரியில்லை என்றார். கலர் கேட்டால் நல்ல கலர் என்றார். என் கடிதத்தை உன்னைப் படிக்கச் சொன்னார். நம்மிடம் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். ஆயுள் முழுக்க ஊர் ஜனம் நம்பி ஏறின பஸ்ஸை ஓட்டின டிரைவர்டா அவர். கண் போச்சு என்று எந்த வாயால் சொல்வார்? தன்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பாவம், தரை மேல் பழியைப் போட்டார்.

அதனால், அப்பாவை இங்கே கூட்டி வராதே.

இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்குத் தெரியாது. திரைச்சீலை ஜன்னலில் தொங்குகிறது. ஆனால் கண் தெரிகிற நானே தடுமாறிய இடம் இது. இங்கே எல்லாத் தரையும் ஒன்றுதான், அவர் காலுக்கு ஒரு ஸ்டாப் கிடையாது. வந்தால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அப்பாவையா? அவர் நடக்க வேண்டிய இடம் அதுதான். மேட்டை எடுக்காதே. எடுத்தே ஆக வேண்டும் என்றால் அதே இடத்தில் அவர் காலுக்கு வேறு ஏதாவது வை. அவரிடம் எதையும் கேட்டு உடைத்துவிடாதே.

அக்கா

*

செப்டம்பர் 22

அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்து முடிக்கவும், கவுன்ட்டரில் ஒருவர் கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்து கேட்கவும் சரியாக இருந்தது. ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிற கை அன்று எழவில்லை.

வீட்டுக்கு வந்து சத்தம் போடாமல் ஹாலில் நின்றேன். அப்பா வந்தார். எனக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நின்றார். யாரோ இருப்பது மட்டும் தெரிந்திருக்கிறது. "டீச்சரா?" என்றார். நான் பதில் சொல்லாமல் வெளியே போய், செருப்பைக் கழற்றுகிற சத்தத்தோடு மறுபடி உள்ளே வந்தேன். "நான்தான்பா." பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அத்தனை தூரத்திலிருந்து உனக்குத் தெரிகிறது.

மேட்டை விட்டுவைக்க முடியவில்லை, பூட்டு உடைய ஆரம்பித்துவிட்டது. கழற்றி, சுவரோரம் வெட்டி, இந்தத் தடவை விரலளவு ஒழுங்காக இடைவெளி விட்டேன். ஹாலும் நடையும் சேர்கிற இடத்தில் பலகையை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு அலுமினியப் பட்டி வைத்தேன். கொஞ்சம் மேடாக, ஓரம் மழுங்கி இருக்கும், கால் தடுக்காது, ஆனால் உள்ளங்காலுக்குத் தெரியும். நீளமான தரைக்கு அப்படி ஒரு பட்டி வைப்பதுதான் முறையாம். கடைக்காரர் முதலிலேயே சொன்னார், எனக்குத்தான் அதுவும் அசிங்கமாகப் பட்டது.

சாயங்காலம் அப்பா அறையிலிருந்து வந்தார். மேட்டைத் தேடிக் காலை மெல்ல மெல்ல வைத்தார். நானும் டீச்சரும் பேப்பர் புரட்டுகிற சத்தம் கொடுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டியில் கால் பட்டது. நின்றார்.

"குண்டு, இங்க என்னடா?"

"ரெண்டு பலகை சேர்ற இடம்பா. பட்டி வெச்சுத்தான் ஆகணும்னு சொல்லிட்டாங்க."

கட்டை விரலால் பட்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவினார். "நீ உக்கார்ந்த இடம்தானே?" என்றார். "ஆமா மாமா, அதே இடம்தான்" என்று டீச்சர் முந்திக்கொண்டு சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு இடது பக்கம் திரும்பிப் போனார், சுவரைத் தொடாமல்.

போன வாரம், கண்ணாடி மாற்றலாம் என்று சாக்குச் சொல்லிக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம், ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது. போன பார்வை திரும்பாது. நிழல் மாதிரி மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து காப்பாற்றலாம் என்றார். நீ சொன்னபடி அப்பாவிடம் எதையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கடைசிக் கடிதத்துக்கு முந்தின கடிதத்தை, அந்தத் திரைச்சீலைக் கடிதத்தை, அவருக்குப் படித்துக் காட்டினேன். கதவைத் திறக்க அப்பா இருப்பார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். எழுந்து போய்ப் பட்டியின் மேல் நின்றார். அங்கிருந்து வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இங்கேர்ந்து வாசல் வரைக்கும் காலுக்கு ஒண்ணும் தட்டுப்படலடா" என்றார். "நடுவுல தொலைஞ்சு போயிடறேன்."

அவர் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை, அக்கா. பிறகு பழைய டிரைவர் குரலில் சொன்னார்:

"வாசல்லயும் ஒரு ஸ்டாப் போடுடா. பெரியவ இறங்கணும்ல. நான்தான் போய்க் கதவைத் திறப்பேன்."

அன்றைக்கே வாசலிலும் ஒரு பட்டி வைத்துவிட்டேன். தினமும் காலையில் ஒரு நடை அது வரைக்கும் போய், தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். நம் வீட்டுக்கு எப்போது வருகிறாய்?

குண்டு